பாபி ஜோன்ஸ் என்னும் பந்தாட்ட வீரர்

உலகில் ஆட்டங்கள் பல உள. கிரிக்கெட்டில் எதிரி பந்தை எறிகிறான். ஹாக்கியிலும் உதைபந்திலும் எதிரி குறுக்கே வந்து மறிக்கிறான். ஆதலின் அவ்வாட்டங்களில் ஒருவன் தவறினால், பழியிற் பாதியை எதிரியின் திறமைமேற் சுமத்திவிடலாம். கோல்ப் ஆட்டத்திலோ அவ்வாறு சொல்லித் தப்ப வழியில்லை. பந்து அசையாமல் தரையிற் கிடக்கிறது. அதனை அடிப்பவனை ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை, ஒருவரும் தடுப்பதுமில்லை. அங்ஙனமிருந்தும் அடி பிசகுமாயின், அதற்குப் பொறுப்பாளி அடித்தவன் ஒருவனே.

அடியோ எளிதிற் பிசகுவது. கோலின் முகம் சிறிது திரும்பினாலும் பந்து வலப்புறமோ இடப்புறமோ பல கஜ தூரம் வளைந்தோடும். கோல் சற்று உயர்ந்தால் பந்தின் தலையில் பட்டுப் பந்து தரையோடு உருளும்; சற்றுத் தாழ்ந்தால் மண்ணே பெயரும். ஓர் அடி பிசகினவுடன் மனம் கலங்குகிறது. கலங்கிய மனத்தோடு அடிக்கும் அடுத்த அடியும் பிசகுகிறது. இவ்வாறு தவறு தவறை ஈன்று, நல்ல ஆட்டக்காரனும் சில நாழிகைக்குள் நிலைகுலைந்து போவதை அம்மைதானங்களிற் காணலாம். அத்தகைய நிலைகுலைவால் இளமையில் உலகறிய அவமானமுற்று, பின்னர் அதனை வென்று, அவ்வாட்டத்தில் ஒப்புயர்வற்ற புகழெய்தியவர் அமெரிக்கராகிய பாபி ஜோன்ஸ் என்பவர். அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

ராபர்ட் டயர் ஜோன்ஸ் என்பது இவரது முழுப்பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் 1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17ஆம் தேதி இவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். பிள்ளைப் பிராயத்தில் இவர் மிக மெலிந்த, நோய்ப்பட்ட உடலினர். குடும்பத்தார் கோடைக்காலத்தில் நகர்ப்புறத்தேயிருந்த ஈஸ்ட் லேக் என்னுமிடத்தில் தங்குவது வழக்கம். அங்கே ஒரு கோல்ப் மைதானம் இருந்தது. ஸ்டுவர்ட் மெய்டன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் அதில் ஆசிரியராக இருந்தார். சிறுவன் அவரிடம் முறையாகப் பாடங் கேட்டானல்லன். அவர் ஆடும்போது பின்னே சென்று, நின்ற நிலையையும் கோல் வீசும் விதத்தையும் உற்று நோக்கி, வீட்டுக்கு வந்து அப்படியே செய்து பார்ப்பான். கண்ணாற் கற்ற அக்கல்வியே பிற்காலத்தில் உலகம் வியந்த அழகிய வீச்சுக்கு வித்தாயிற்று.

தமது 14ஆம் வயதில், 1916இல், பிலடெல்பியா நகரையடுத்த மெரியன் மைதானத்தில் நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் போட்டியில் ஜோன்ஸ் கலந்துகொண்டார். பொருள் பெறாது விளையாட்டின் பொருட்டே ஆடுவோர்க்குரிய போட்டி அது. வளர்ந்த ஆடவர்களை வென்று கால் இறுதி ஆட்டம் வரையில் அச்சிறுவர் முன்னேறியதைக் கண்டு அமெரிக்கா வியந்தது. ஆயினும் கண்டோர் வேறொன்றையுங் கண்டனர். அடி பிசகியபோதெல்லாம் சிறுவர் சினந்து கோலை வீசியெறிந்தார். பந்து கோணிப் போனால் அவர் முகமும் கோணும். திறமை முதிர்ந்திருந்தது, மனம் முதிரவில்லை.

அதன்பின் ஏழாண்டுகள் ஜோன்ஸ் பெரும் போட்டிகளில் ஒன்றிலேனும் வென்றாரல்லர். 1919இல் அமெச்சூர் போட்டியின் இறுதி ஆட்டம் வரையிற் சென்று தோற்றார். 1922இல் ஓபன் போட்டியில் ஒரே ஓர் அடிக் கணக்கில் ஜீன் ஸாரஸன் என்பவருக்குப் பின்தங்கினார். அடிக்கும் ஆற்றலில் இவருக்கு நிகர் இல்லையென்று அனைவரும் கூறினர்; ஆனால் பட்டம் மட்டும் இவர் கைக்கு எட்டவில்லை. இவருடைய நண்பரும் பத்திரிகையாளருமாகிய கீலர் என்பவர், எகிப்து தேசத்து அரசன் கனவிற்கு யோசேப்பு உரைத்த பொருளை நினைந்து, இக்காலத்தைப் பஞ்சமுற்ற ஏழாண்டுகள் என்று அழைத்தார்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் நேர்ந்த அவமானம்

அவ்வேழாண்டுகளுள் மிகக் கசப்பானது 1921. அவ்வாண்டு 19 வயதினராகிய ஜோன்ஸ் கடல் கடந்து ஸ்காத்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குச் சென்றார். கோல்ப் ஆட்டத்துக்குத் தாயகம் என்று போற்றப்படுவது அந்நகரின் பழைய மைதானம். கடற்காற்று வீசும் மேடு பள்ளங்களும், புல்லிடையே மறைந்து கிடக்கும் ஆழ்ந்த மணற்குழிகளும் நிறைந்த அந்நிலம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் முதல் இரண்டு சுற்றுக்களை ஒருவாறு ஆடி முடித்தார். மூன்றாஞ் சுற்றில் வினை விளைந்தது.

காற்று எதிர்த்தது. அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகின. முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள் ஆயின. பத்தாவது குழிக்கு 6 அடிகள். பதினோராவது குழி குறுந்தூரமுள்ளது. ஓர் அடியில் பந்து பசுந்தரையை எட்டவேண்டும். அவர் அடித்த பந்தோ மணற்குழியுள் விழுந்தது. அதனை வெளியேற்ற முயன்றார், முடியவில்லை, மீண்டும் முயன்றார். முடிவில் அவ்வாட்டத்தைப் பாதியிற் கைவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டார். போட்டியினின்றும் அவர் விலகியதாயிற்று. அடி பிசகுதல் எவர்க்கும் உண்டு. பிசகினமையால் ஆட்டத்தைக் கைவிடுதல் வீரர்க்கு இழுக்கு. ஸ்காத்லாந்து மக்கள் இதனை மறக்கவில்லை. ஜோன்ஸும் தம் வாழ்நாள் முழுவதும் இதனை நினைந்து நாணினார்.

அவ்வளவில் அவர் சினம் அடங்கிற்றென்று எண்ணவேண்டா. தாயகம் திரும்பியபின் அதே ஆண்டு நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் போட்டியில், ஓர் அடி தவறியதற்காகக் கோலை வீசினார்; அது துள்ளிச் சென்று வேடிக்கை பார்த்து நின்ற ஒரு பெண்மணியின் காலில் பட்டது. அமெரிக்க கோல்ப் சங்கத்தின் தலைவர், சினத்தை அடக்கக் கற்றாலன்றி இனிச் சங்கத்தின் போட்டிகளில் இடமில்லை என்று அவருக்குக் கடிதம் எழுதினார். அடியின் பிசகு பந்தோடு நில்லாது, குற்றமற்ற ஒருவர்மேற் பாயும் வரையில் சென்றுவிட்டதை ஜோன்ஸ் அன்று உணர்ந்தார்.

மனத்தைப் பயிற்றிய விதம்

வள்ளுவர் வெகுளாமை என்றும், இடுக்கணழியாமை என்றும் இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்திருக்கின்றார். சினங்கொள்ளாமை வேறு, துன்பம் வந்தபோது மனங்கலங்காமை வேறு. ஜோன்ஸ் கற்கவேண்டியவை இவ்விரண்டுமே. முதலாவதை அவர் விரைவிற் கற்றார். கோல் வீசுதல் ஒழிந்தது. இரண்டாவது அத்துணை எளிதாக இருக்கவில்லை. வெளியே அமைதியாகத் தோன்றினும் உள்ளே அவர் பட்ட பாடு பெரிது. போட்டி நடக்கும் வாரத்தில் உணவு உட்செல்லாது. ஒரு வாரத்துக்குள் உடல் எடையிற் பல ராத்தல் குறைந்துவிடும்.

இந்நிலையில் அவருக்குத் துணை செய்தது ஒரு கருத்து. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு நியமக் கணக்கு உண்டு. அதனைப் ‘பார்’ என்பர். எதிரில் ஆடும் மனிதனை வெல்ல எண்ணினால், அவன் நன்றாக அடித்தபோது நமக்குப் பதற்றமும், அவன் தவறியபோது நமக்கு அசட்டையும் உண்டாகின்றன. ஆதலின் எதிரியை மறந்து, அந்நியமக் கணக்கையே ஒரு முதியவராகப் பாவித்து, அவரோடு ஆடுவதென ஜோன்ஸ் முடிவு செய்தார். அம்முதியவர் வியத்தகு அடி ஒன்றும் அடிப்பதில்லை, தவறுவதும் இல்லை, சினப்பதும் இல்லை. அவரோடு பொறுமையாக நடந்து செல்பவன் மாலைக்குள் தன் எதிரியையும் கடந்து சென்றிருப்பான்.

மற்றொரு பாடத்தை அக்காலத்துப் பெரிய ஆட்டக்காரராகிய வால்டர் ஹேகன் என்பவரிடம் காணலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஏழு அடிகளேனும் பிசகும் என்று ஹேகன் முன்னரே எதிர்பார்த்திருப்பார். ஆகவே ஓர் அடி பிசகினால், எதிர்பார்த்த ஏழில் ஒன்று வந்தது என்று கருதி அடுத்த அடியைப் பற்றி நினைப்பார். 1926ஆம் ஆண்டு பிளாரிடாவில் நிகழ்ந்த 72 குழிகள் கொண்ட ஒரு பந்தயத்தில், இன்னும் 11 குழிகள் எஞ்சியிருக்கும்போதே 12 குழிகள் முந்தி அவர் ஜோன்ஸை முற்றும் வென்றார். பிழையே இல்லாத ஆட்டத்தை நாடியவர், பிழையைப் பொறுக்கத் தெரிந்தவரிடம் தோற்றது கருதத்தக்கது.

முதல் வெற்றி

பஞ்ச காலம் முடிந்தது 1923இல். நியூயார்க்கை அடுத்த இன்வுட் மைதானத்தில் அமெரிக்க ஓபன் போட்டி நடைபெற்றது. மூன்று சுற்றுக்கள் முடிந்தபோது ஜோன்ஸ் முன்னணியில் நின்றார். நான்காஞ் சுற்றின் முடிவில் பழைய பகை மீண்டும் வந்தது. இறுதி மூன்று குழிகளுக்கு 5, 5, 6 என அடிகள் மிகுந்தன. கடைசிக் குழியில் மட்டும் நியமக் கணக்குக்கு மேல் இரண்டு அடிகள் வீணாயின. அவருக்குப் பின் வந்த பாபி குரூக்‌ஷாங்க் என்பவர் கடைசிக் குழியை மூன்றே அடியில் முடித்துச் சமநிலை எய்தினார். நண்பர்கள் தேற்றினார்கள், ஜோன்ஸோ, வெற்றிவீரன் முடிக்கும் விதமாகத் தாம் முடிக்கவில்லையென்று தம்மையே நொந்துகொண்டார்.

மறுநாள் அவ்விருவரும் தனியே 18 குழிகள் ஆடினர். 17 குழிகள் முடிந்தபோதும் சமநிலையே. எஞ்சியது முந்தின நாள் ஜோன்ஸை நாணச் செய்த அதே கடைசிக் குழி. பசுந்தரைக்கு முன்னே நீர்நிலை ஒன்று உண்டு. குரூக்‌ஷாங்க் அடித்த முதல் அடி நன்றாக அமையாமையால், நீருக்கு இப்பாலே பந்தை நிறுத்தவேண்டியவரானார். ஜோன்ஸின் பந்து ஓரத்தில், புல்லற்ற பொடிமண்ணின்மேற் கிடந்தது. நீரைத் தாண்ட ஏறக்குறைய 190 கஜம். தாண்டாவிட்டால் தோல்வி, தாண்டினால் வெற்றி. ஏழாண்டு நிகழ்ச்சிகளை நினைப்பவனாயின் எவனுக்கும் கை நடுங்கும். அவர் நெடுநேரம் நின்று ஆராயவில்லை. இரும்புக்கோலை எடுத்தார், அடித்தார், பந்து நீரைக் கடந்து, குழிக்குச் சில அடி தூரத்தில் வந்து நின்றது. 76 அடிகளுக்கு 78 என்ற கணக்கில் ஜோன்ஸ் வென்றார். அப்பொழுது அவருக்கு வயது 21.

கல்வியும் நேர்மையும்

இவர் விளையாட்டிலேயே காலங்கழித்தவர் என்று மாணவர் எண்ணலாகாது. 1922இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியலிலும், 1924இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியத்திலும் பட்டம் பெற்றார். பின்னர் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலையிற் சட்டம் பயின்று, தந்தையாரைப் போல் வழக்கறிஞரானார். ஆண்டில் சில வாரங்களே போட்டிகளுக்குச் செல்வார். போட்டிகளிற் பரிசுப் பணம் பெற்றதில்லை.

1925இல் வூஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓபன் போட்டியில், உயர்ந்த புல்லிற் கிடந்த பந்தை அடிக்க அவர் கோலை அருகிற் கொண்டுசென்றபோது பந்து சிறிதே அசைந்தது. விதிப்படி அதற்கு ஓர் அடி தண்டம். கண்டவர் எவருமில்லை. அவரே அதனை அறிவித்துத் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மக்பார்லேன் என்பவரோடு சமநிலை எய்தி, மறுநாள் நடந்த தனியாட்டத்தில் ஒரே ஓர் அடியால் தோற்றார். அறிவிக்காமல் விட்டிருந்தால் சமநிலைக்கே இடமின்றிப் பட்டம் அவருடையதாகியிருக்கும். பிறர் தம்மைப் புகழ்ந்தபோது, செய்யவேண்டிய கடமையைச் செய்ததற்குப் புகழ்ச்சி எதற்கென்று அவர் அதனை ஏற்க மறுத்தார். தம் பிழையைக் கண்டு முன்பு கோலை எறிந்தவர், இப்பொழுது தம் பிழையைத் தாமே எழுதிக்கொள்பவராக ஆனார்.

மீண்டும் பிசகிய அடிகள்

மனிதன் ஒரு குறையை வென்றால் அது மீண்டும் தலைகாட்டுவதே இல்லை என்பது உண்மையன்று. 1929இல், நியூயார்க்கின் அருகேயுள்ள விங்கெட் புட் மைதானத்தில் நிகழ்ந்த அமெரிக்க ஓபன் போட்டியில், கடைசிச் சுற்றில் ஜோன்ஸ் நெடுந்தூரம் முந்திச் சென்றார். திடீரென ஆட்டம் சிதைந்தது. இரண்டு குழிகளில் 7 அடிகள் வீதம் ஆயின. முந்தியிருந்த கணக்கெல்லாம் கரைந்து, கடைசிக் குழியில் 12 அடி நீளத்துக்குப் பந்தை உருட்டிக் குழியில் வீழ்த்தினாலன்றி அல் எஸ்பினோஸா என்பவரிடம் தோற்கும் நிலை வந்துவிட்டது. தரை சரிந்திருந்தது, பந்து வளைந்து செல்லவேண்டும். ஜோன்ஸ் உருட்டினார்; பந்து குழியின் விளிம்பில் தயங்குவதுபோல் நின்று உள்ளே விழுந்தது. மறுநாள் நடந்த 36 குழித் தனியாட்டத்தில் 23 அடிகள் வித்தியாசத்தில் அவர் வென்றார். முதல் நாள் சிதைந்த மனிதர் மறுநாள் அத்துணை உறுதியாக ஆடினாரெனின், முந்தின நாளை அவர் மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தார் என்பதே பொருள்.

1930ஆம் ஆண்டே அவர் புகழின் சிகரம். பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓபன், அமெரிக்க ஓபன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அந்நான்கையும் ஒரே ஆண்டில் வென்றவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவ்வாண்டிலும் பிசகிய அடிகள் இல்லாமலில்லை. ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓபன் கடைசிச் சுற்றில், எட்டாவது குழியில் இரண்டே அடிகளிற் பசுந்தரையின் அருகே வந்துவிட்டார். அங்கிருந்து குழியை அடைய மேலும் ஐந்து அடிகள் வேண்டியிருந்தன. மணற்குழியுமில்லை, காற்றின் குற்றமுமில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நிகழ்ச்சி அவரைப் போட்டியினின்றே துரத்தியிருக்கும். இப்பொழுதோ ஒன்பதாவது குழிக்கு நடந்து சென்றார். இரண்டு அடி வித்தியாசத்தில் அப்பட்டத்தையும் வென்றார். செப்டம்பர் மாதம், தாம் சிறுவராய் முதன்முதல் தோன்றிய அதே மெரியன் மைதானத்தில் நான்காவது பட்டத்தை அடைந்தார். 1923 முதல் 1930 வரையில் வென்ற பெரும் பட்டங்கள் 13. அவ்வாண்டு நவம்பரில், 28ஆம் வயதில், போட்டிகளினின்றும் ஓய்வு பெற்றார்.

செயின்ட் ஆண்ட்ரூஸும் ஜோன்ஸும்

அவமானமுற்ற இடத்தை வெறுத்து ஒதுங்குவது மனித இயல்பு. ஜோன்ஸ் அங்ஙனஞ் செய்தாரல்லர். 1927இல் மீண்டும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குச் சென்று, 285 அடிகளில் நான்கு சுற்றுக்களையும் முடித்துப் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை வென்றார். வெற்றிக் கிண்ணத்தைத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அந்நகரத்துச் சங்கத்தாரிடமே இருக்கும்படி வேண்டிக்கொண்டார். அன்று முதல் அந்நகர மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கருதினர். தாம் முன்பு வெறுத்த மைதானத்தின் மேடு பள்ளங்களைப் படிப்படியாகக் கற்று, உலகத்து மைதானங்களுள் அதனையே மிகுதியாக நேசித்தார். 1936இல் அறிவிப்பேதுமின்றி அங்கே ஒருநாள் ஆடச் சென்றபோது, செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர்.

ஓய்வுக்குப்பின் ஆட்டத்தின் நுட்பங்களையும், அடி பிசகுதற்குரிய காரணங்களையும் விளக்கித் திரைப்படங்களில் தோன்றினார். அலிஸ்டர் மெக்கென்சி என்பவரோடு சேர்ந்து ஜார்ஜியாவில் அகஸ்டா மைதானத்தை அமைத்தார். இன்று மாஸ்டர்ஸ் என வழங்கும் போட்டி அங்கே 1934இல் தொடங்கியது.

ஆனால் கோலாலும் பயிற்சியாலும் திருத்த முடியாத துன்பம் ஒன்று அவருக்குக் காத்திருந்தது. முதுகுத்தண்டைப் பற்றிய கொடிய நோயால் 1948க்குப்பின் அவர் ஆடவே இயலவில்லை. ஊன்றுகோலும் பின்னர்ச் சக்கரநாற்காலியும் துணையாயின. தந்தத்தாற் செய்ததுபோன்ற வீச்சுடைய அக்கைகள் எழுதுகோலைப் பிடிக்கவும் வலியற்றன. தம் நோயைக் குறித்துப் பிறரிடம் முறையிடும் வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. பந்து கிடக்கும் நிலையிலேயே அதனை அடிக்கவேண்டும் என்பது கோல்ப் ஆட்டத்தின் முதல் விதி. அவ்விதியையே தம் வாழ்வுக்கும் அவர் கொண்டார்.

1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அவருக்கு நகரக் குடியுரிமை என்னும் பெருஞ்சிறப்பை அளித்தனர். அவருக்கு முன் அதனைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே. மண்டபத்தைவிட்டு அவர் வெளியேறுங்கால், மக்கள் எழுந்து நின்று, பிரிந்து செல்பவரைத் திரும்பி வருமாறு அழைக்கும் பழைய ஸ்காத்லாந்துப் பாட்டைப் பாடினர். பலர் கண்ணீர் வடித்தனர். 37 ஆண்டுகளுக்கு முன் அவர் பந்தை எடுத்துக்கொண்டு விலகிய ஊர் அதுவே.

1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் தேதி அட்லாண்டாவில் ஜோன்ஸ் காலமானார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் பத்தாவது குழி இப்பொழுது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1921இல் அவர் ஆறு அடிகள் அடித்து இடர்ப்பட்ட குழியும், ஆட்டத்தைக் கைவிடுதற்குமுன் கடைசியாக முடித்த குழியும் அதுவே.

மாணவ நண்பர்களே, பரீட்சையிலோ, விளையாட்டிலோ, பிற முயற்சியிலோ நமக்கும் அடி பிசகும் நாட்கள் வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் பிசகும் காலங்களும் வரும். அப்போது மைதானத்தையும் கோலையும் பழியாது, நேர்ந்த பிழையைக் கணக்கில் எழுதிக்கொண்டு, அடுத்த குழிக்கு நடந்து செல்லப் பழகுவோமாக.